டாலி பென்னக்கின் ரத்த சொந்தம்

"திருடி கடை இதுதானுங்களே?"

கேட்ட பெண்மணிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரி செய்துகொண்டு, ரொட்டிக் கடைக்குள் தலையை நீட்டி, தபால் ஆபீஸ் எங்கே என்று விசாரிக்கிற மாதிரிதான் விசாரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தொப்பிகள் எட்டிப் பார்த்தன.

ஹெஸ்டர் பென்னக்கின் கையில் ரொட்டி வெட்டும் கத்தி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தாள். வைத்த வரைக்கும் நல்லது.

"எந்தத் திருடி?"

"அதாங்க, பாட்டுல வருவாளே, வாத்துத் திருடி டாலி பென்னக்! குளத்தங்கரை போர்டுல போட்டிருக்கே. அவ வம்சம் இன்னும் இதே ஊர்ல ரொட்டி விக்குதாம். அது நீங்கதானே? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

அந்தப் பாட்டு தெரியாத குழந்தை இங்கிலாந்தில் ஏது? பல் முளைக்கும் முன்பே பாட்டு முளைத்துவிடும்.

டாலி பென்னக், டாலி பென்னக், பாவாடைக்குள் என்ன சத்தம்?
க்ரேக் பாதிரி வாத்தைக் காணோம், உன் பானைக்குள்ளே என்ன கொதிக்கும்?

பள்ளிக்கூட நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு ஹெஸ்டரின் காது காய்த்துப் போயிருந்தது. குழந்தைகள் பாடினால் பாடட்டும், அதுகளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவாள். ஆனால் போர்டு என்று ஒன்று வந்திருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரியும். மாவு படிந்த ஏப்ரனோடு குளத்தங்கரைக்கு நடந்தாள். தொப்பிகள் எல்லாம் பின்னாலேயே வந்தன.

புது போர்டு, பச்சை பெயின்ட், தங்க எழுத்து. 'வாத்துத் திருடி டாலி பென்னக் இந்தக் குளத்தில்தான் முக்கி எடுக்கப்பட்டாள். லிட்டில் டன்னிங் ஊர்க் கமிட்டி. தலைவி: மிஸ் லவினியா க்ரேக்.'

"அடிப்பாவி!" என்றாள் ஹெஸ்டர். டாலியை அல்ல, தலைவியை.

மிஸ் க்ரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டில் வாத்தைத் தொலைத்த அதே க்ரேக் பாதிரியாரின் வம்சம். ஊரிலேயே பெரிய வீடு. வரவேற்பறையில் பாதிரியாரின் ஆள் உயரப் படம். மூக்கைப் பார்த்தாலே வாத்து தொலைந்து போனது தெரியும். ஞாயிறு பள்ளியில் ஹெஸ்டருக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள்தான். ஆனாலும் இந்த ஊரில் அவளை எல்லாரும் 'மிஸ் க்ரேக்' என்றும், ஹெஸ்டரை 'ஹெஸ்டர்' என்றும்தான் கூப்பிடுவார்கள். ஹெஸ்டரும் அப்படித்தான் கூப்பிடுவாள். போர்டைப் பார்த்த கையோடு அந்தப் பெரிய வீட்டுக்கே போய் நின்றாள்.

"வாங்க ஹெஸ்டர். டீ சாப்பிடறீங்களா?"

"டீ வேணாம். போர்டை எடுங்க."

"பால் முதல்லயா, கடைசியிலயா?"

"மிஸ் க்ரேக்! ஊர் நடுவுல என் குடும்பத்தைத் திருட்டுக் குடும்பம்னு எழுதி வச்சிருக்கீங்க."

"சர்க்கரை?"

ஹெஸ்டர் பல்லைக் கடித்தாள். மிஸ் க்ரேக் கோப்பையை நீட்டிவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்: "அது சரித்திரம் ஹெஸ்டர். நானா எழுதினேன்? நாடே பாடுது. பஸ்ஸு வருது, கூட்டம் வருது. சர்ச் கூரை ஒழுகறது உங்களுக்கும் தெரியும். நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன். இந்த வருஷக் கோடைத் திருவிழாவுல புதுசா ஒரு விளையாட்டு. பழைய தண்டனைக் கட்டை இருக்கே, தலையையும் கையையும் மாட்டறது, அதைத் தூசி தட்டி வச்சிருக்கோம். டாலி வேஷத்துல ஒருத்தங்க அதுல நிக்கணும். ஜனங்க ஈர ஸ்பாஞ்சால அடிப்பாங்க. ஒரு அடிக்கு ஒரு பென்னி, கூரை நிதிக்கு."

"சரி. அதுக்கு என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"உங்களை விட்டா யாரு இருக்கா? ரத்த சொந்தமாச்சே!"

ஹெஸ்டர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். கோபத்தில்கூட டீயை வீணாக்க அந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வராது.

"என் வம்சத்துல யாரும் அடுத்தவங்க வாத்து மேல கை வச்சதில்ல. அதை நான் நிரூபிச்சுக் காட்டறேன். அப்புறம் அந்த போர்டை நீங்களே உங்க கையால பிடுங்குவீங்க."

"தாராளமா நிரூபிங்க" என்றாள் மிஸ் க்ரேக். "பிஸ்கட் எடுத்துக்கலையே?"

வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் எர்னி மாமா உட்கார்ந்திருந்தார். ஹெஸ்டருடைய அம்மாவின் தம்பி. எண்பதைத் தாண்டியவர், பல் ஒன்றுகூட பாக்கி இல்லை, காது மட்டும் பாம்புக் காது. நடந்ததையெல்லாம் ஹெஸ்டர் கொட்டித் தீர்த்தாள். மாமாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று அவர் விஷயத்தில் சொல்ல முடியாது.

"ஏ புள்ள, உங்கப்பா..."

"அப்பாவைப் பத்திப் பேசாதீங்க மாமா! அவர் இருந்திருந்தா இந்த அவமானத்தைத் தாங்குவாரா? வயிறு பத்தி எரியுது. இந்தாங்க, பன்னைச் சாப்பிடுங்க."

திராட்சை பன் ஒன்றை அவர் வாயில் திணித்தாள். பல் இல்லாதவர் ஒரு பன்னை ஊற வைத்து முழுங்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அவள் சாராயக் கடைக்குப் போய்விட்டாள்.

சாராயக் கடையின் போர்டில் 'கிழட்டு பிஷப்' என்று இருக்கும். நடத்துகிறவர் பெயர் டெட் ஹாக்கின்ஸ். ஆனால் ஊர் அவரை 'பிஷப்' என்றுதான் கூப்பிடும். அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள். லிட்டில் டன்னிங்கில் கடை கைமாறலாம், போர்டு மாறாது. போர்டில் உள்ள பேர்தான் உள்ளே இருக்கிறவருக்கும். தபால்காரருக்குக்கூட பிஷப்பின் நிஜப் பேர் தெரியாது.

"என்ன ஹெஸ்டரம்மா, முகம் அடுப்பு மாதிரி சிவந்திருக்கு?" என்றார் பிஷப்.

விஷயத்தைச் சொன்னாள். பிஷப் குரலைத் தணித்தார். "மாடியில ஒருத்தர் தங்கியிருக்கார். டாக்டர் மெல்லர். ஊசி போடற டாக்டர் இல்ல, படிச்ச டாக்டர். இந்த மாதிரி பாட்டுல வர்ற பேருக்கெல்லாம் உள்ளே என்ன அர்த்தம்னு கண்டுபிடிக்கறதுதான் அவர் வேலை. பாட்டுல வர்ற எவனும் அவன் இல்லைங்கறார்."

"அப்ப டாலியும் டாலி இல்லையா?"

"நிச்சயமா இருக்காது. போன வாரம் என் பூனையையே ராணின்னுட்டார்."

ஹெஸ்டர் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள்.

சனிக்கிழமை ஊர்ப் பொதுக்கூடத்தில் கூட்டம். டாக்டர் மெல்லர் ஒல்லியான மனிதர். கழுத்தில் ஒரு துணிப்பட்டை, கண்ணில் ஒரு வெறி. முதல் வரிசையில் ஹெஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு. மேடையில் மிஸ் க்ரேக். ஓரத்தில் எர்னி மாமா, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில்.

"நண்பர்களே, டாலி பென்னக் திருடி இல்லை!" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

ஹெஸ்டர் திரும்பி ஊரையே ஒரு பார்வை பார்த்தாள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"டாலி பென்னக் ஒரு ஆளே இல்லை. அவ கொள்ளைநோய்."

டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"பாவாடைக்குள்ள சத்தம்னா என்ன? அக்குள்ல கட்டி! பானை கொதிக்குதுன்னா? காய்ச்சல்! வாத்தைக் காணோம்னா? ஆடு மாடு கோழியெல்லாம் செத்து ஒழிஞ்சது! பென்னக்குங்கற பேர் ஏன் வந்தது? இந்த ஊருக்கு அந்த நோயை எந்த வீட்டுக்காரங்க கொண்டு வந்தாங்களோ, அவங்க பேர்!"

அத்தனை நாற்காலியும் ஹெஸ்டரிடமிருந்து ஒரு அங்குலம் நகர்ந்தது. யாரும் நகர்த்தவில்லை, அதுவாக நகர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் முதல் ரொட்டி விற்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை. உள்ளே வந்து, "என்ன வாசனை ஹெஸ்டர்! அருமை!" என்று மெச்சிவிட்டு, "இன்னிக்கு வேண்டாம், ஊசி போடற டாக்டர் ரொட்டி சாப்பிடக் கூடாதுன்னுட்டார்" என்று வெளியே போய்விடுவார்கள். ஒரே வாரத்தில் ஊர் மொத்தத்துக்கும் ரொட்டி ஆகாமல் போய்விட்டது. முந்நூறு வருஷத்துக்கு முந்தின நோய்க்கு இன்றைக்கு ரொட்டியை ஒதுக்குகிற புத்திசாலிகளை வேறு எங்கே போய்த் தேட? குளத்தங்கரையில் பழைய போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டும் முளைத்தது. எழுத்து இன்னும் பெரிது.

விற்காத பன்களை எர்னி மாமாதான் தீர்க்க வேண்டியிருந்தது.

"ஹெஸ்டர், நான் என்ன சொல்றேன்னா, உங்கப்பா வந்து..."

"தெரியும் மாமா. அப்பா கட்டி வளர்த்த கடை. இப்படி ஈ ஓட்டுது. அதானே சொல்ல வர்றீங்க? இந்தாங்க, இன்னொண்ணு."

ஒரு கூடை பன்னை எடுத்துக்கொண்டு மறுபடி பிஷப்பின் மாடிக்கு ஏறினாள்.

"டாக்டர், வேற அர்த்தம் கண்டுபிடிங்க."

"மேடம், அர்த்தம் கண்டுபிடிக்கறது பன் சுடற மாதிரி இல்ல."

"பன் சுடறதும் நீங்க நினைக்கற மாதிரி இல்ல. சாப்பிடுங்க. சாப்பிட்டுக் கண்டுபிடிங்க. கௌரவமா ஒரு அர்த்தம். நோய் வேணாம், திருட்டு வேணாம்."

டாக்டர் மெல்லருக்கு அந்த பன் பிடித்துப்போனது என்பதுதான் இந்தக் கதையின் பெரிய விபரீதம். மூன்றாவது பன்னிலேயே அவர் கண்ணில் அந்த வெறி திரும்பியது. "அட, எனக்கு இது தோணவே இல்லையே!" என்று துள்ளிக் குதித்தார். அடுத்த நாளே வட்டாரப் பத்திரிகைக்காரன் ஒருவன் கீழே பிஷப்பின் கடையில் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த நாள் காலையில் ஹெஸ்டர் பத்திரிகையைப் பிரித்தாள்.

'ரொட்டிக்கடைக்காரி உடம்பில் அரச ரத்தமா? டாலி பென்னக் ராஜாவின் ஆசைநாயகி! பாவாடைக்குள் ஒளிந்திருந்தது வாத்தல்ல!'

ஹெஸ்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பஸ் இப்போது இரண்டு மடங்கு வந்தது. ஆனால் வந்தவர்களின் தினுசு மாறியிருந்தது. தொப்பி வைத்த பெண்மணிகள் குறைந்து, மீசை முறுக்கிய ஆசாமிகள் அதிகமாயினர். ஒருவன் சட்டைப் பையிலிருந்து பழைய நாணயத்தை எடுத்து, அதிலுள்ள ராஜாவின் மூக்கையும் ஹெஸ்டரின் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் ஒற்றை பன் வாங்கிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, "சாயங்காலம் என்ன ப்ரோக்ராம்?" என்றார்.

"மாவு பிசையறது. உங்க மண்டையை வச்சுப் பிசையட்டுமா?" என்றாள் ஹெஸ்டர். மேஜர் மீதிச் சில்லறைகூட வாங்காமல் ஓடினார்.

தையல் சங்கத்துப் பெண்கள் அவளைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தோம் என்று சொல்லவில்லை. 'இனிமேல் உங்களுக்கு நேரம் இருக்காதே' என்று பரிவாகச் சொன்னார்கள். மிஸ் க்ரேக் மட்டும் நேரில் வந்தாள், கைக்குட்டையால் மூக்கைத் தொட்டுக்கொண்டு.

"ஹெஸ்டர், இது கொஞ்சம் அதிகம். பாட்டுல எங்க பாதிரியார்தான் பாவாடைக்குள்ள என்னன்னு கேக்கறார். உங்க டாக்டர் சொல்றபடி பாத்தா, ராஜாவை அவர் அங்கே போய்த் தேடியிருக்கார்னு ஆகுது. பிஷப் கடையில இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க."

"உங்களுக்கும் வலிக்குதா? நல்லா வலிக்கட்டும்."

"எனக்குத் திருடியே போதும்னு தோணுது. திருவிழா நெருங்குது. கட்டை தயாரா இருக்கு. யோசிங்க."

அன்றைக்குக் கடையை மூடிவிட்டு ஹெஸ்டர் அழுதாள். நிஜமாகவே அழுதாள். காரணம் இருந்தது. இளம் வயதில் லவல் என்ற நல்ல மனிதன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். கடிகாரம் ரிப்பேர் செய்பவன், தங்கமான குணம். 'கட்டிக்கறேன், ஆனா பென்னக்குங்கற பேரை விட மாட்டேன், நீ வேணா என் பேரை வச்சுக்கோ' என்றாள். நாடே கேலி பண்ணுகிற பேரை நான் எப்படி வச்சுக்கறது என்றான் அவன். அப்ப போய் வா என்றாள். அவன் கனடாவுக்குப் போனான். அவளுக்கு வருத்தம் இருந்தது. வருத்தத்தைவிடப் பிடிவாதம் பெரிதாக இருந்தது.

"இந்தப் பேருக்காக ஒரு மனுஷனையே வேணாம்னேன் மாமா" என்று விசும்பினாள். "இப்ப இதை எவன் எவனோ திருடிங்கறான், நோய்ங்கறான், அதுக்கு மேலயும் போறான். நான் என்ன பண்ணுவேன்?"

எர்னி மாமா வாயில் பாதி பன் இருந்தது. பேச முடியாமல் மூக்காலேயே எதையோ முனகினார். ராகம் அதே பாட்டு. வார்த்தை வேறு.

க்ரேக் பாதிரி, க்ரேக் பாதிரி, கண்ணில் என்ன இத்தனை நீர்?
எலும்பு ஒன்று மிச்சம் உண்டு, எடுத்துப் போய் நக்கிப் பாரும்!

ஹெஸ்டர் அழுகையை நிறுத்தினாள்.

"மாமா! இது என்ன?"

"ரெண்டாவது சரணம்" என்றார் மாமா, பன்னை முழுங்கிக்கொண்டே. "எங்க காலத்துல பசங்க இதைத்தான் பாடும். ஸ்கூல்ல சொல்லித் தர மாட்டாங்க, பாதிரியாரைக் கேலி பண்ணுதுல்ல. உங்கப்பா காதுல இது விழுந்தா போதும்..."

"துள்ளிக் குதிச்சிருப்பார்! ஐயோ மாமா, இதை ஏன் இத்தனை நாளா சொல்லல? மறுபடி பாடுங்க! சத்தமா!"

மாமா பாடினார். அவள் கூடவே பாடினாள். மூன்றாம் தடவை பாடும்போது ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். திருவிழா ஏற்பாட்டுக் கூட்டம் அன்றைக்குத்தான். ஊரே அங்கே இருந்தது. மாவுக் கையோடு போய்ப் பொதுக்கூடத்தின் கதவைத் தள்ளினாள்.

"நான் பேசணும்!"

"நிகழ்ச்சி நிரல்ல இல்லையே ஹெஸ்டர்" என்றாள் மிஸ் க்ரேக்.

"இப்ப இருக்கு." மேடையேறிவிட்டாள். "எல்லாரும் கேளுங்க. டாக்டர், நீங்களும் கேளுங்க. டாலி நோய் இல்ல. எவனுக்கும் ஆசைநாயகியும் இல்ல. டாலி திருடிதான்!"

கூடம் வாயைப் பிளந்தது.

"ஆமாய்யா, எடுத்தா! பசிச்சது, எடுத்தா! பாதிரியார் வீட்டு வாத்து கொழுத்துப் போய் நடக்க முடியாம நடந்தது. அவ பானையில வெறும் தண்ணி கொதிச்சது. கதவைத் தட்டிக் கேட்டிருப்பா, ஒரு ரொட்டித் துண்டுகூடக் கிடைச்சிருக்காது. அப்புறம் எடுத்தா. ஆக்கித் தின்னா. வந்து கேட்டவரோட முகத்துக்கு நேரா என்ன சொன்னா தெரியுமா?"

அவள் பாடினாள். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் இரண்டாவது சரணம் முடிவதற்குள் பிஷப் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார். பின்வரிசையில் கிழவர்கள் சிலருக்கு நினைவு வந்துவிட்டது; அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'எலும்பை நக்கிப் பாரும்' என்ற இடத்தில் கூரையே இடிந்துவிடும் போலிருந்தது.

"குளத்துல முக்கினாங்களாம். முக்கட்டும். அவ மன்னிப்புக் கேக்கல பாருங்க, அதுதான் எனக்குப் பெருமை. என் உடம்புல ஓடறது அவ ரத்தம். அதுல எனக்குத் துளி வெக்கம் கிடையாது. வெக்கப்பட வேண்டியது யாரு? பட்டினி கிடந்தவளா, பூட்டி வச்சவரா? இத்தனை வருஷம் எங்களைக் கேலி பண்ணியாச்சு. இந்த வருஷம் அந்தக் கட்டையில டாலி நிக்க மாட்டா. க்ரேக் நிக்கட்டும்!"

"க்ரேக் நிக்கட்டும்!" என்று கத்தினார் பிஷப். கூடம் முழுக்கக் கத்தியது. டாக்டர் மெல்லர்கூடக் கத்தினார்; காரணம் தெரிந்து கத்தினாரா என்பது சந்தேகம்.

மிஸ் க்ரேக்கின் முகம் வெளிறியது. ஆனால் முதுகு வளையவில்லை. "எங்க வம்சம் எதுக்கும் பின்வாங்கினதில்ல" என்றாள். "ஓட்டுக்கு விடலாம். தீர்மானம் எப்படி எழுதறது?"

"ஒவ்வொரு வருஷமும், ஊர்ல இருக்கற க்ரேக் வம்சத்துல வயசுல மூத்தவங்க யாரோ, அவங்க கட்டையில நிக்கணும்" என்றாள் ஹெஸ்டர். "விருப்பப்பட்டவங்கன்னு எழுதக் கூடாது. மூத்தவங்கன்னு எழுதணும். மழை, தலைவலி, முட்டிவலி எதுவும் சாக்கு ஆகாது."

"என் அக்கா பிள்ளைகளுக்கெல்லாம் வேற பேர். க்ரேக்னு பேர் உள்ளவங்கன்னு போட்டா நான் ஒருத்திதான் வருவேன். எனக்கப்புறம் இந்தத் தீர்மானத்துக்கு அர்த்தமே இருக்காது."

"அப்ப பேர் என்னவா இருந்தாலும் சரின்னு போடுங்க! ரத்தம் க்ரேக் ரத்தமா இருந்தா போதும். பேரை மாத்திக்கிட்டுத் தப்பிக்கலாம்னு எவளும் பாக்கக் கூடாது!"

அத்தனை கையும் உயர்ந்தது. மிஸ் க்ரேக்கின் கையும் உயர்ந்தது. அந்த அளவுக்கு அவள் நேர்மையானவள்தான். ஓரத்தில் எர்னி மாமா கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் போகிற போக்கில் அவர் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ரொட்டி பறந்தது. டாக்டர் தடை விதித்த வயிறெல்லாம் அதிசயமாகக் குணமாகிவிட்டன. தையல் சங்கம் அவளைத் தலைவியாகவே ஆக்கியது. 'பென்னக்' என்ற கடை போர்டைக் கழுவித் துடைத்து, பக்கத்தில் ஒரு வாத்துப் படமும் வரையச் செய்தாள் ஹெஸ்டர். குளத்தங்கரை போர்டுகளில் கொள்ளைநோயைப் பிடுங்கிவிட்டார்கள். மற்றதில் திருடி என்பதை அப்படியே விடச் சொல்லி, கீழே இரண்டாவது சரணத்தைச் சேர்க்க வைத்தாள்.

திருவிழா அன்று வழக்கம்போல் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தன. பாண்டு வாத்தியம், கேக் போட்டி, குதிரைக் குட்டி சவாரி எல்லாம் இருந்தன, ஆனால் கூட்டம் மொத்தமும் புல்வெளி நடுவில் தண்டனைக் கட்டையைச் சுற்றித்தான். மிஸ் க்ரேக் தன் நல்ல உடுப்பில், அம்மாவுடைய புரூச்சைக் குத்திக்கொண்டு வந்தாள். தொப்பியைக் கழற்றிப் பாதிரியாரிடம் கொடுத்தாள். இப்போதைய பாதிரியார் அதை வாத்துக் குஞ்சு மாதிரி பயபக்தியோடு பிடித்துக்கொண்டார். தலையையும் இரண்டு கையையும் ஓட்டைகளில் வைத்தாள். பிஷப் மேல்கட்டையை இறக்கித் தாழ் போட்டார்.

முதல் ஸ்பாஞ்சு ஹெஸ்டருக்கு. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வாளிக்குள் நன்றாக முக்கி எடுத்தாள். கிணற்றுத் தண்ணீர், எலும்பு வரைக்கும் குளிர்கிற தண்ணீர். முழங்கை வழியாகச் சொட்டியது.

"ரொம்ப வலிக்காது மிஸ் க்ரேக்" என்றாள். "டாலி சார்பா ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நாம டீ சாப்பிடலாம். பால் முதல்லயா, கடைசியிலயான்னு நீங்களே சொல்லுங்க."

"குறி பார்த்து அடிங்க ஹெஸ்டர்" என்றாள் மிஸ் க்ரேக், கட்டைக்குள்ளிருந்து. "எங்க பாதிரியார் மாதிரி நான் அழ மாட்டேன்."

ஹெஸ்டர் கையை ஓங்கினாள்.

"ஏ புள்ள, நில்லு!"

எர்னி மாமா. முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"அப்புறம் பேசலாம் மாமா. யாராவது அவருக்கு ஒரு பன் குடுங்களேன்!"

"பன் எல்லாம் வித்துப் போச்சு" என்றாள் தையல் சங்கத்துப் பெண் ஒருத்தி.

"அப்பாடா" என்றார் மாமா. "உங்கம்மா உயிரோட இருந்த வரைக்கும் வாயைத் திறக்காதேன்னா. அவ போனப்புறம் நீ திறக்க விடல. இன்னிக்குத்தான் என் வாய் காலியா இருக்கு. உங்கப்பா இந்தக் கடையை வாங்கினப்ப அவர் பேரு பென்னக் இல்லம்மா. கடைக்கு மேல அப்படி ஒரு போர்டு இருந்தது. ஊர் அவரை பென்னக்னு கூப்பிட்டது. அவரும் சரின்னு அப்படியே இருந்துட்டார். சொந்தப் பேரோட அவர் பொறந்த ஊர்ல தெருவுல நடக்க முடியல. எலும்பை நக்கு, எலும்பை நக்குன்னு பசங்க பின்னாலயே பாடிக்கிட்டு வருமாம்."

பாண்டு வாத்தியம் நின்றுவிட்டது. ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் ஹெஸ்டரின் ஷூவுக்குள் இறங்கியது. அவள் கை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. கட்டைக்குள்ளிருந்த மிஸ் க்ரேக்கின் தலை, எவ்வளவு திரும்ப முடியுமோ அவ்வளவு திரும்பியது.

"சொந்தப் பேர்னா..." என்றாள் ஹெஸ்டர். "என்ன பேர் மாமா?"

எர்னி மாமா பிஷப்பைப் பார்த்துக் கையசைத்தார்.

"தாழைத் திறந்து லவினியாவை வெளிய விடுப்பா. இவ அவளைவிட ரெண்டு வயசு மூத்த க்ரேக்."